உழைக்கும் தாய் ஒருத்தி தேவை

தாய்மார்களை எங்கள் வெர்போவெட்ஸ் நகராட்சி மதிக்கிற மாதிரி பல்கேரியாவில் வேறெந்த நகராட்சியும் மதிக்காது. சும்மா சொல்லவில்லை. இதற்கென்றே தனியாக ஒரு துறை வைத்திருக்கிறோம். 'தாய்மைக்கும் உழைப்புக்கும் இசைவு காணும் துறை' என்று பளபளவென்று பித்தளைப் பலகை. நகராட்சிக் கட்டடத்தில் நான்காவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடாது. பிள்ளை வண்டியைப் படியேற்றக் கூடாது, பளிங்குப் படி கீறிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகவும் கூடாது. பிள்ளைகள் கத்தினால் பிள்ளைகள் நலனைப் பற்றி அதிகாரிகள் எப்படி யோசிப்பார்கள்?

நெவேனா இடுப்பில் மகன் போயானோடு நான்கு மாடியும் ஏறினாள். வாசலில் காவலாளி தடுத்தார்.

"இந்தாம்மா, புள்ளையோட உள்ள விடமாட்டாங்க."

"புள்ளைய விட ஆளில்லன்னு சொல்லத்தானே ஐயா வந்திருக்கேன்."

"அதப் புள்ள இல்லாம போய்ச் சொல்லு."

கடைசியில் மனசு கேட்காமல் அவரே போயானை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துறை திறந்த நாளிலிருந்து நிஜமாகவே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஒரே நகராட்சி ஊழியர் அவர்தான். போன மாதம் அதற்காக அவருக்கு ஒரு மெமோவும் கொடுத்திருந்தார்கள்.

நெவேனா டிராலிபஸ் ஓட்டுகிறவள். மூன்றாம் நம்பர், ரயில் நிலையத்திலிருந்து கண்ணாடி ஆலை வரை. பிரசவ விடுப்பு முடியப் போகிறது. மார்ச் எட்டாம் தேதி காலையில் வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அவள் இருக்கையில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டும் இல்லை. வண்டிக் கூரையிலிருக்கும் இரண்டு கொம்புகளும் மேலே மின்கம்பியில் போய் உட்காரும்போது வண்டி ஒரு மூச்சு விடுமே, அதைக் கேட்க வேண்டும் போல வீட்டில் உட்கார்ந்து ஏங்கிக்கொண்டிருந்தாள். போயானை நகராட்சிக் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் போதும், அவள் வண்டி அவளுக்கு.

உள்ளே திருமதி சோங்கா, சுற்றிலும் பூந்தொட்டிகள், நடுவில் காபி.

"காப்பகத்துல இடம் பாயின்ட் கணக்குல. தெரியுமில்ல? வேலைக்குப் போற தாயா நீங்க?"

"போகணும் மேடம்."

"போகணும்கிறதுக்குப் பாயின்ட் கெடையாது. போறதுக்குத்தான் பாயின்ட்."

"நீங்க புள்ளைய எடுத்துக்கிட்டா நாளைக்கே போயிடுவேன்."

"நீங்க வேலைக்குப் போயிட்டா நாங்க நாளைக்கே எடுத்துக்குவோம்." பேச்சு சுமுகமாக முடிந்துவிட்ட மாதிரி சோங்கா சிரித்தாள். "வேற வழி இருக்கான்னு பாக்கறேன். உங்க வீட்டுக்காரர்?"

"ஜெர்மனியில டைல்ஸ் ஒட்டறார்."

"விவாகரத்து ஆகல?"

"ஐயையோ, இல்ல மேடம்."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

"நல்லா இருக்கார். ஆண்டவன் புண்ணியம்."

"அடடா." சோங்காவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அதுக்கெல்லாம் நல்ல பாயின்ட். சரி, உங்க அம்மா?"

"இத்தாலியில. யாரோ ஒருத்தர் வீட்டுல, படுத்த படுக்கையா இருக்கிற வயசான அம்மா ஒருத்தரப் பாத்துக்கற வேலை."

"பாத்தீங்களா! எங்க திட்டம் எல்லாமே வீட்டுல பாட்டி இருக்காங்கன்னு நெனச்சுப் போட்டது. நீங்க பாட்டிய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு இங்க வந்து திட்டம் சரியில்லங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே மேடம்."

"மூஞ்சி சொல்லுது." சோங்கா காபியை ஒரு மிடறு குடித்தாள். "இன்னொரு வழி இருக்கு. மூணு புள்ள இருந்தா பாயின்ட் எங்கயோ போயிடும். இன்னும் ரெண்டு பெத்துட்டு வாங்க. வரிசையே இல்லாம சேத்துக்கறோம்."

"எட்டாம் தேதியோட வேலை போயிடும் மேடம்!"

"ஏன் இப்படிப் பறக்கறீங்க? தாய்மைய நிதானமா அனுபவிக்கணும்மா."

வேலையில் இருக்கிறாள் என்று ஒரு தாள் வாங்கிவரலாம் என்று நெவேனா டிப்போவுக்குப் போனாள். டிப்போ மேலாளர் மனோல் அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"வாம்மா நெவேனா! நீ இல்லாம மூணாம் நம்பர் மூணாம் நம்பராவே இல்ல. கோஷோ ஓட்டறான், பிரேக் போட்டா பின் சீட்டுக்காரங்க முன்னாடி வந்து விழறாங்க."

"அப்ப நான் வேலையில இருக்கேன்னு ஒரு தாள் குடுத்துடுங்கண்ணே. காப்பகத்துல கேக்கறாங்க."

"குடுத்துட்டாப் போச்சு. காப்பகத்துல எடம் கெடச்சிருச்சுன்னு தாள் கொண்டா, அடுத்த நிமிஷம் குடுக்கறேன்."

"அண்ணே, அவங்க உங்க தாளைக் கேக்கறாங்க."

"நான் அவங்க தாளைக் கேக்கறேன். எனக்கும் ஒரு பொறுப்பு இருக்கில்ல? போன வருஷம் ஸ்வெத்லா, புள்ளைக்குக் காய்ச்சல்னு போன் வந்ததும் பாதி வேலையில ஓடிட்டா. எனக்குப் பொம்பளைங்க மேல ரொம்ப மரியாதை. அந்த மரியாதைக்குத்தான் சொல்றேன், வீட்டுல இருங்கன்னு. எனக்கும் நாலு புள்ளைங்க. ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா?"

"யாருண்ணே பாத்துக்கிட்டாங்க?"

மனோல் யோசித்தார். இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றாத கேள்வி அது.

"அதுங்க பாட்டுக்கு வீட்டுல இருந்துச்சுங்க" என்றார்.

டிப்போ வாசலில் மூன்றாம் நம்பர் கொம்பிறக்கி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நெவேனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போயான் "பூம், பூம்" என்று கை தட்டினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இப்படியே போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தலைநகர் சோஃபியாவில் ஒரு துணை அமைச்சருக்குத் திடீரென்று எங்கள் ஊர் மேல் பாசம் வந்துவிட்டது. இசைவுத் துறை வருஷா வருஷம் 'வேலைக்குப் போகும் தாய்மார்களிடமிருந்து ஒரு புகார்கூட இல்லை' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்ததல்லவா? அதைப் படித்து அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மார்ச் எட்டு, மகளிர் நாளன்று நேரில் வந்து அந்தத் தாய்மார்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார்.

துறையில் ஒரே அமளி. துறைத் தலைவர் டாக்டர் கலைஜியேவ் சோங்காவைக் கூப்பிட்டார். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது கெண்டை மீன் வளர்ப்பில். மீன்கள் முட்டையிட்டுவிட்டு நகர்ந்துவிடும், காப்பகம் கேட்காது, அதனால் அந்த அனுபவம் இந்தத் துறைக்குப் பொருந்தும் என்று மேயர் நினைத்திருந்தார்.

"நம்ம ஊர்ல வேலைக்குப் போற தாய்மாருக்குப் பிரச்சினையே இல்லன்னு நாம எழுதினது நெஜம்தானே, சோங்கா?"

"சத்தியமா நெஜம் சார். சின்னப் புள்ள வச்சிருக்கிற யாருமே வேலைக்குப் போகலையே."

"ஒருத்திகூடவா?"

"போனவங்க எல்லாம் ஜெர்மனிக்குப் போயிட்டாங்க சார்."

டாக்டர் தலையைச் சொறிந்தார். "துணை அமைச்சர் எத்தனை பேரப் பாப்பாரு? ஒருத்தி போதும். சுறுசுறுப்பா, படத்துல நல்லா வர்ற மாதிரி ஒருத்திய புடிங்க."

சோங்காவுக்கு நெவேனா ஞாபகம் வந்தது. அன்றைக்கே ஆள் வந்து கதவைத் தட்டினான். அடுத்த நாள் 'பொறிவண்டு' காப்பகத்தில் போயானுக்கு இடம். பாயின்ட் இல்லை, வரிசை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: எட்டாம் தேதி காலை பதினொரு மணிக்குப் பண்பாட்டு மன்றத்தில் விழா, முதல் வரிசையில் உட்கார்ந்து பூவும் விருதும் வாங்க வேண்டும். வராவிட்டால் இடம் ரத்து.

மனோலும் தாளைப் பார்த்ததும் தாளைக் கொடுத்தார். "எட்டாம் தேதியிலேர்ந்து, காலையில ஒம்பது மணிக்கு எடு" என்றார்.

"அன்னிக்குப் பதினோரு மணிக்கு ஒரு விழா இருக்கண்ணே. உழைக்கும் தாய்னு எனக்கு விருது குடுக்கறாங்களாம்."

"மொத நாளே லீவா? இதத்தான் சொன்னேன்! உழைக்கும் தாயின்னா மொதல்ல உழைக்கணுமில்ல?"

ஆனால் அதற்கு முன்னால் பழக்கும் காலம் என்று ஒன்று இருந்தது. பொறிவண்டில் எந்தப் பிள்ளையையும் சட்டென்று விட்டுவிட்டுப் போக முடியாது. தாய் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் பிள்ளை அழ வேண்டும், பிறகு அழுகை நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் தாய்க்கு விடுதலை. போயான் உள்ளே நுழைந்ததும் மரக்கட்டைகளைக் கண்டான், பயறு சூப்பைக் கண்டான், அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காப்பகத்தின் உளவியலாளர் இவெலினா சின்னப் பெண், புதிதாகப் படித்துவிட்டு வந்தவள். அவள் நெவேனாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க பையன் அழவே மாட்டேங்கறானே."

"சந்தோஷமா இருக்கான்மா."

"அதான் எனக்குக் கவலையா இருக்கு. பிரிவுத் துயரம் வரணும். வந்தாத்தான் அது போறதுக்கு நான் உதவ முடியும். வராததை எப்படிப் போக்கறது?"

"அப்ப நான் எப்ப வேலைக்குப் போறது?"

"அவன் அழட்டும், பாத்துக்கலாம். நீங்களும் கொஞ்சம் ஒத்துழைங்க. கெளம்பறப்ப மூஞ்சிய இன்னும் சோகமா வச்சுக்குங்களேன்."

நெவேனா வைத்துக்கொண்டாள். கதவோரம் நின்று கையை நீட்டி நீட்டி "அம்மா போறேன், போறேன்" என்றாள். போயான் சூப்பிலிருந்து தலையைத் தூக்கி "டாட்டா" என்றான். மறுநாளும் டாட்டா. அதற்கு மறுநாளும் டாட்டா. எட்டாம் தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது. ஏழாம் தேதி சாயங்காலம், இந்தப் பையன் சிரித்தே தன் வேலைக்கு உலை வைத்துவிடுவான் போலிருக்கிறதே என்று நினைத்ததும் நெவேனாவுக்குத் தாங்கவில்லை. சின்ன நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதுவிட்டாள்.

இவெலினா ஓடிவந்து அணைத்துக்கொண்டாள். "அப்பாடா! வந்துருச்சு. யாராச்சும் ஒருத்தர் அழுதா போதும்" என்று சொல்லி அனுமதி கொடுத்துவிட்டாள்.

எட்டாம் தேதி காலை நெவேனா மூன்றாம் நம்பரில் ஏறி உட்கார்ந்தாள். கொம்பு கம்பியில் உட்கார்ந்தது, வண்டி மூச்சு விட்டது. அவள் அப்படியே ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தாள். ஊரே பூவும் கையுமாக இருந்தது. ஆபீஸ் போகிற பெண்கள் கார்னேஷனோடு ஏறினார்கள், மணிக்கட்டில் மார்ச் மாதத்துக்கென்று எங்கள் ஊரில் கட்டும் சிவப்பு வெள்ளை நூல், கையில் கேக் பெட்டி. "திரும்பி வந்துட்டியாடி மவராசி! அந்தக் கோஷோ எங்க எலும்பையெல்லாம் எண்ணிட்டான்!" என்று ஒரு கிழவி அவளுக்குத் தன் பூவில் ஒன்றைக் கொடுத்தாள். நெவேனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பதினொரு மணிக்கு வண்டி பண்பாட்டு மன்றத்து நிறுத்தத்தில் நின்றது. மூன்றாம் நம்பர் அந்த வழியாகத்தான் போகும். அதை நம்பித்தான் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"ரெண்டே நிமிஷம். உள்ள போய்ப் பூ வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று பயணிகளைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"போயிட்டு வாம்மா. மகளிர் நாளும் அதுவுமா உனக்கில்லாத பூவா?" என்றாள் கிழவி.

பிரேக்கைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடினாள். சோங்கா அவளைப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். பக்கத்தில் துணை அமைச்சருக்கு நாற்காலி, காலியாக இருந்தது. அவர் வராமல் விழா தொடங்காது. அவரோ பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார், கார் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்றார்கள்.

டிராலிபஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் ஒன்று நின்றால் பின்னால் வருவது அதைத் தாண்டிப் போக முடியாது, எல்லாக் கொம்புக்கும் ஒரே கம்பி. மூன்றாம் நம்பருக்குப் பின்னால் ஏழு வந்து நின்றது, அதற்குப் பின்னால் இன்னொரு மூன்று, அதற்குப் பின்னால் ஒன்பது. எங்கள் மன்றத்துத் தெருவோ குறுகல். ஒன்பதுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது துணை அமைச்சரின் கறுப்புக் கார்.

ஆக, துணை அமைச்சர் வராமல் விழா முடியாது. விழா முடியாமல் நெவேனா எழுந்திருக்க முடியாது. நெவேனா எழுந்திருக்காமல் துணை அமைச்சர் வர முடியாது. எங்கள் துறை இதுவரை செய்த வேலைகளிலேயே இவ்வளவு கச்சிதமான இசைவு வேறு இல்லை.

நேரத்தைப் போக்க டாக்டர் கலைஜியேவ் பேசினார்.

"பெரியோர்களே! ஒரு தாயைப் பாக்கறப்ப எனக்குக் கண்ணு கலங்கும். அதனாலதான் நான் அவங்களை அடிக்கடி பாக்கறதில்ல. எங்கிட்ட கேக்கறாங்க, காப்பகம் போதுமான்னு. நான் சொல்றேன், இடம் கேட்டு வர்றவங்க வருஷா வருஷம் கொறைஞ்சுக்கிட்டே வர்றாங்க! நாலு மாடி ஏறி வர்றதுக்கே ஆளில்ல! அவ்வளவு திருப்தி!"

கைதட்டல்.

"ஐயா, வண்டி..." என்று நெவேனா பாதி எழுந்தாள்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. இது உங்களுக்கான விழா. உங்க நேரத்துக்கு நாங்க எவ்வளவு மதிப்புக் குடுக்கறோம்னு இப்ப ஒரு மணி நேரம் விளக்கப் போறேன்."

வெளியே பொறுமையிழந்த பயணிகள் ஓட்டுநரைத் தேடி உள்ளே வந்தார்கள். வந்தவர்களைப் பொதுமக்கள் என்று நினைத்து உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு துண்டு பானித்சாவும், அதுதான் எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி அப்பம், கையில் கொடுத்தார்கள். ஏழாம் நம்பர்காரர்களும் வந்தார்கள். மன்றம் நிறைந்துவிட்டதைக் கண்டு டாக்டர் பேச்சை இன்னும் நீட்டினார். இவ்வளவு கூட்டத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

நெவேனா மட்டும் வாசலையும் கடிகாரத்தையும் பார்த்துப் பார்த்து விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஓடிவிட்டால் காப்பகம் போய்விடும், உட்கார்ந்தால் வண்டி போய்விடும். 'பாவிங்களா, ஒரு பூவக் குடுத்து அனுப்ப இவ்வளவு நேரமா?' என்று மனசுக்குள் கத்தினாள்.

கடைசியில் துணை அமைச்சர் காரை விட்டு இறங்கி நடந்தே வந்தார். காலணியெல்லாம் பனிச்சேறு, முகமெல்லாம் கடுகடுப்பு. மேடையேறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த அறிவு கெட்ட கழுதை நடுத்தெருவுல வண்டிய நிறுத்திட்டுப் போயிருக்கு?"

"இவங்கதான் சார்" என்று டாக்டர் நெவேனாவைப் பெருமையோடு முன்னால் தள்ளினார். "எங்க ஊரோட உழைக்கும் தாய்!"

படம் எடுத்தார்கள். கையில் ஒற்றைக் கார்னேஷன், கழுத்தில் நாடா. விருது என்னவென்று சோங்கா ஒலிபெருக்கியில் அறிவித்தாள்: ஊரில் எந்த டிராலிபஸ்ஸிலும் ஒரு வருஷத்துக்கு இலவசப் பயணம். டிராலிபஸ் ஓட்டுகிறவளுக்கு அதைக் கொடுத்தது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. நன்றாகக் கைதட்டினார்கள்.

அவள் ஓடி வந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் மனோல் நின்றிருந்தார். அவர் கையிலும் ஒரு கார்னேஷன்.

"மகளிர் நாள் வாழ்த்துகள்மா" என்று பூவை நீட்டினார். மற்றொரு கையையும் நீட்டினார். "சாவியக் குடுத்துடு. ஊரே நின்னு போச்சு. நாளையிலேர்ந்து வர வேணாம்."

"அண்ணே, விழாவுக்குப் போகலன்னா காப்பகத்துல எடம் போயிடும்னு..."

"அதான் சொன்னேன். புள்ளக்காரிங்களுக்கு ஆயிரம் வேலை. நான் உன்னக் கொறை சொல்லல. உன் மேல எனக்கு மரியாதை."

கோஷோ ஏறி உட்கார்ந்தான். போட்ட முதல் பிரேக்கில் கிழவி முன்னால் வந்து விழுந்து, துறைத் தலைவரின் பரம்பரையையே சேர்த்துத் திட்டினாள்.

மறுநாள் பொறிவண்டிலிருந்து தகவல் வந்தது. வேலைக்குப் போகாத தாயின் பிள்ளைக்கு இடம் இல்லை. நெவேனா நான்கு மாடி ஏறினாள், காவலாளியிடம் போயானைக் கொடுத்தாள், சோங்கா முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நீங்க குடுத்த விருதாலதான் என் வேலை போச்சு."

"விருது போகல. அது இந்த வருஷம் பூரா உங்களுதுதான்" என்று சோங்கா சமாதானம் சொன்னாள். "போகப் போறது உங்க இடம் மட்டும்தான். துணை அமைச்சர் பாத்துட்டாரில்ல? இனிமே ஒருத்தி எதுக்கு?"

நெவேனா அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பூந்தொட்டிகளில் ஒன்றைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பாள். கீழே பிள்ளை வண்டிகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள், அதனால் விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் ஒருநாள் போயானுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. நிறுத்தத்தில் நின்றார்கள். மூன்றாம் நம்பர் வந்தது. வண்டியின் பக்கவாட்டில், முன் கதவிலிருந்து பின் கதவு வரை, நெவேனாவின் முகம். நாடா, கார்னேஷன், சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: 'உழைக்கும் தாயே, ஊர் உன்னோடு! — இசைவுத் துறை.'

ஏறினாள். பரிசோதகர் வந்தார், பாஸை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார்.

"இது நீங்கதானா? பெருமையா இருக்குங்க. இப்ப வேலைக்குப் போறீங்களா?"

"இல்லீங்க. புள்ளைக்கு ஊசி போட."

"அடடா. இந்தப் பாஸ் வேலைக்குப் போற தாய், வேலைக்குப் போற வழியில மட்டும்தான் செல்லும். பின்னால சின்ன எழுத்துல போட்டிருக்கு பாருங்க." அவருக்கே சங்கடமாக இருந்தது. "எறங்கிடுங்கம்மா. அபராதம் போட எனக்கு மனசு வரல. என் பொண்டாட்டியும் உங்கள மாதிரித்தான், வீட்டுலதான் இருக்கா."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். கதவு மூடியது, கோஷோ வெடுக்கென்று வண்டியை எடுத்தான். நெவேனாவின் பெரிய முகம் சிரித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போயிற்று. போயான் அவள் இடுப்பில் குதித்துக் குதித்து அதற்குக் கையாட்டினான்.

"அம்மா! டாட்டா! அம்மா டாட்டா!"

இடுப்பிலிருந்தவனை நெவேனா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் வந்ததைத் துடைக்கவில்லை.

"ஆமாண்டா கண்ணு, டாட்டா சொல்லு. அந்த அம்மா வேலைக்குப் போறா. அவளுக்கு என்ன, புள்ளையா குட்டியா."